கடல் பார்த்த வீடும் மின்சிக்கனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோரத்தில் மனை வாங்கியவர்கள் வரைபடத்தோடு வரும்போது கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடற்கரையை மனத்தில் வைத்தே பெரும்பாலான பதில்கள் அமைந்துள்ளன. குளிர்ப்பகுதிக் கடற்கரைக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

கடற்கரையில்தான் காற்று அடித்துக்கொண்டே இருக்குமே, மின்சாரச் செலவு தானாகவே குறைந்துவிடாதா?

காற்று இருக்கிறது, ஆனால் நாம் கேட்கும் நேரத்தில் அது இருப்பதில்லை. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் நிலத்தின் மேலிருக்கும் காற்று மேலெழுகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. இந்தக் கடற்காற்று பொதுவாக முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் வலுக்கும். இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் திசை மாறி நிலக்காற்று வீசும். அது பெரும்பாலும் மெலிந்த காற்றுதான். இரண்டும் கைமாறும் காலை, மாலை வேளைகளில் ஓர் இலைகூட அசையாத புழுக்கம் நிற்கும். வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரமும் அதுதான்.

அத்துடன் கடற்காற்று தனியாக வருவதில்லை, ஈரத்தையும் உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. இந்த மூன்றில் காற்றை உள்ளே விட்டு, மற்ற இரண்டையும் சமாளிப்பதுதான் கடலோர வீட்டு வடிவமைப்பின் வேலை.

வீட்டை எந்தத் திசை பார்த்து வைப்பது? கடல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தானே?

காட்சியின் திசையும் வெயிலின் திசையும் வேறு வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். கடல் கிழக்கே இருந்தால் காலை வெயில் மட்டுமே நேராக விழும், அதை எளிதில் தாங்கிக்கொள்ளலாம். வடக்கிலோ தெற்கிலோ இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் உச்சியில் நிற்கும் வெயிலை ஒரு சிறிய நிழற்பலகையே தடுத்துவிடும். கடல் மேற்கே இருப்பதுதான் சோதனை. சூரியன் கடலில் இறங்கும் காட்சிக்காகவே மனை வாங்கியிருப்பீர்கள். நாள் முழுவதும் சூடேறிய வீட்டுக்குள் அதே சூரியன் கடைசி மூன்று மணி நேரம் படுக்கைவாட்டில் நுழையும்.

அப்படிப்பட்ட மனைகளில், நாள் முழுவதும் இருக்கும் அறைகளை மேற்குச் சுவரிலிருந்து பின்னுக்குத் தள்ளி, கடல் பக்கத்தில் ஆழமான தாழ்வாரம் ஒன்றை வைக்கச் சொல்வது என் வழக்கம். மாலையில் கடல் பார்க்க யாரும் அறைக்குள் உட்காருவதில்லை, வெளியேதான் வருவார்கள்.

கடல் பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடியாக வேண்டும் என்று ஆசை. கூடாதா?

ஒரே ஒரு ஜன்னலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகலம் 3 மீட்டர், உயரம் 2.4 மீட்டர், பரப்பு 7.2 சதுர மீட்டர். தெளிந்த மாலையில் மேற்குச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 600 வாட் வெயில் விழக்கூடும். 6 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடி அதில் ஏறத்தாழ 82 சதவீதத்தை வெப்பமாக உள்ளே விட்டுவிடும். பெருக்கினால் சுமார் 3,500 வாட் வருகிறது. ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பமும் சரியாக அவ்வளவுதான். அதாவது அந்த ஒரு ஜன்னலின் வெயிலை மட்டும் திருப்பி அனுப்ப ஒரு ஏசி முழு மூச்சாக ஓட வேண்டும். அறையும் ஆட்களும் கணக்கில் இன்னும் வரவே இல்லை. இந்த ஜன்னலைப் பின்னால் வரும் பதில்களிலும் பயன்படுத்துவேன்.

காட்சிக்கு முழுச் சுவர் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. சிட்னி ஆப்பரா ஹவுஸை வடிவமைத்த டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சோன், 1970-களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கடல்முனையில் தனக்கென்று கட்டிய கான் லிஸ் வீட்டில் அந்த இடத்து மணற்கல்லால் கனமான சுவர்களை எழுப்பினார். அவற்றில் ஆழமான மாடங்கள்போல் திறப்புகளை வைத்து, சட்டம் உள்ளிருந்து தெரியாதபடி கண்ணாடியை வெளிப்புறமாகப் பொருத்தினார். ஒவ்வொரு திறப்பிலும் கடலின் ஒரு துண்டுதான் தெரியும். மாடத்தின் ஆழமே நிழலும் தருகிறது. நீங்கள் உட்காரும் நாற்காலி, படுக்கும் கட்டில், நின்று வேலை செய்யும் சமையல் மேடை ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் கண்மட்டத்தில் கோடு இழுத்துப் பாருங்கள். எங்கே கண்ணாடி வேண்டும் என்பது வரைபடத்திலேயே தெரிந்துவிடும்.

சன்ஷேடு போட்டால் மேற்கு வெயில் நின்றுவிடாதா?

நிற்காது. மாலை நான்கு மணியளவில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 30 பாகை உயரத்தில், ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்பதாக வைத்துக்கொள்வோம். 2.4 மீட்டர் உயர ஜன்னலை முழுவதும் நிழலில் வைக்க, சன்ஷேடு 4 மீட்டருக்கு மேல் வெளியே நீள வேண்டும். அது சன்ஷேடு இல்லை, தாழ்வாரம். அதற்குப் பிறகும் சூரியன் இறங்கிக்கொண்டே இருக்கும்.

சாய்ந்து வரும் வெயிலுக்கு அதன் பாதையில் குறுக்கே நிற்கும் தடுப்பு வேண்டும்: திருப்பக்கூடிய செங்குத்துப் பலகைகள், நகரும் மரச் சட்டத் தட்டிகள், ஜன்னலுக்கு வெளியே இறக்கிவிடும் திரைகள். மூன்று மணிக்கு மூடி, சூரியன் அடிவானத்தைத் தொடும்போது திறந்துவிடலாம்.

உள்ளே கனமான திரை போட்டுக்கொண்டால் போதாதா?

கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையில் பட்டுத் திரையைச் சூடாக்கும், அந்தச் சூடு அறைக்குள்தான் பரவும். வெயிலை வாசலிலேயே நிறுத்த வேண்டும். உள்திரை கண் கூச்சத்துக்கும் மறைவுக்கும் உதவும், அவ்வளவுதான்.

இரட்டைக் கண்ணாடி போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள், உண்மையா?

கண்ணாடிக்கு இரண்டு எண்கள் உண்டு. உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்பதைக் காட்டுவது யூ மதிப்பு. விழுகின்ற வெயிலில் எவ்வளவு பங்கு வெப்பமாக உள்ளே வருகிறது என்பதைக் காட்டுவது எஸ்.எச்.ஜி.சி. சாதாரண ஒற்றைக் கண்ணாடியின் யூ மதிப்பு 5.7 அளவில் இருக்கும், சாதாரண இரட்டைக் கண்ணாடியில் அது 2.8 அளவுக்குப் பாதியாகிவிடும். ஆனால் எஸ்.எச்.ஜி.சி. 0.82-இலிருந்து 0.7 அளவுக்கு மட்டுமே இறங்கும். வெளியே 33 பாகை, உள்ளே 25 பாகை என்று சிறிய வேறுபாடே உள்ள வெப்பக் கடற்கரையில் முதல் எண்ணால் கிடைக்கும் ஆதாயம் குறைவு, வெயில்தான் பெரிய எதிரி.

ஆகவே கடைக்காரரிடம் இரட்டையா ஒற்றையா என்று கேட்பதற்கு முன் எஸ்.எச்.ஜி.சி. எவ்வளவு என்று கேளுங்கள். வெயிலின் வெப்பத்தைத் தடுக்கும் லோ-இ என்ற மெல்லிய உலோகப் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியில் அது 0.25 முதல் 0.4 வரை கிடைக்கிறது, நம் 7.2 சதுர மீட்டர் ஜன்னலில் 0.3 என்றால் 3,500 வாட் சுமார் 1,300 வாட்டாகக் குறையும். மிகக் கருத்த கண்ணாடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எந்த நேரமும் மழை வரப்போவதுபோல் கடல் தெரியும், பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும்.

கடலிலிருந்து வரும் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. ஜன்னலைச் சிறிதாக்கினால் சரியாகுமா?

சூரியன் உச்சியில் இருக்கும்போது அமைதியான நீர்ப்பரப்பு விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. சூரியன் 10 பாகை உயரத்துக்கு இறங்கும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். இந்த ஒளி கீழிருந்து வருவதால் மேலே போட்ட சன்ஷேடு இதற்கு உதவாது.

இருண்ட சுவரின் நடுவே ஒரு சிறிய பிரகாசமான சதுரம் இருந்தால் கூச்சம் கூடத்தான் செய்யும், ஏனெனில் கண் தவிப்பது இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டால். ஜன்னலின் பக்கச் சுவர்களை உட்புறமாக விரித்து வெளிர் நிறம் பூசுங்கள். எதிர்ச் சுவரின் மேற்பகுதியில் சிறிய திறப்பு ஒன்று வைத்து அறையின் பின்பாதிக்கும் வெளிச்சம் கொடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

அறையில் காற்று ஓட எத்தனை ஜன்னல் வேண்டும்?

எண்ணிக்கையைவிட வெளியேறும் வழிதான் முக்கியம். கடல் பக்கம் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும், எதிர்ப்பக்கம் வழி இல்லையென்றால் காற்று வாசலோடு நின்றுவிடும். நுழையும் திறப்பைவிட வெளியேறும் திறப்பு சற்றுப் பெரிதாக இருந்தால் உள்ளே காற்றின் வேகம் கூடும். எதிரெதிர்த் திறப்புகள் இருந்தால் அறையின் ஆழம் கூரை உயரத்தைப்போல் ஐந்து மடங்கு வரை போகலாம். ஒரே பக்கம் மட்டும் திறப்பு என்றால் இரண்டு, இரண்டரை மடங்குதான்.

காற்று தடைபடும் இடம் பெரும்பாலும் அறைக் கதவு. படுக்கையறைக் கதவை மூடியதும் வழி அடைந்துவிடும். கதவுக்கு மேலே திறந்து மூடும் லூவர், அதாவது சாய்ந்த பலகைகள் கொண்ட திறப்பு, ஒன்று வைப்பது பழைய காலத்து வழி. இன்றும் அதைவிட மலிவானது எனக்குத் தெரிந்து இல்லை. கொசுவலையை மறந்துவிடாதீர்கள். வலையே காற்றைக் கணிசமாகக் குறைக்கும், கடலோரத்தில் அதன் கண்களில் உப்பும் தூசியும் சேர்ந்து பசைபோல் ஒட்டிக்கொள்ளும். கையால் கழற்றிக் கழுவக்கூடிய சட்டத்தில் வலை அமைவது நல்லது.

தடிமனான சுவர் வைத்தால் வீடு குளிர்ச்சியாக இருக்குமாமே?

பகல் கொதித்து இரவு நன்றாகக் குளிரும் உள்நாட்டு வறண்ட நிலத்துக்கு அது பொருந்தும். அங்கே சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் வெளியே விட்டுவிடும். வெப்பக் கடற்கரையில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வேறுபாடு குறைவு, ஆகையால் சூட்டை இறக்கிவைக்க இடம் கிடைப்பதில்லை. மேற்கு வெயில் குடித்த கனமான சுவர் நள்ளிரவு வரை கட்டில் பக்கம் அனல் வீசிக்கொண்டிருக்கும்.

சுவருக்குச் செலவிடுவதைக் கூரைக்குச் செலவிடுங்கள். நாள் முழுவதும் வெயில் வாங்குவது கூரைதான். மேலே வெள்ளைப் பூச்சோ வெள்ளைத் தட்டோடோ, அதன் கீழே காப்புப் பலகை. புதிய வெள்ளைப் பூச்சு வெயிலில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அழுக்குப் படியப் படிய அது குறையும் என்பதால் கழுவுவதும் வேலையில் சேரும்.

ஏசி இல்லாமலே இருக்க முடியுமா?

ஆண்டின் பெரும்பகுதி முடியும், முழுவதும் முடியாது என்பதே நேர்மையான பதில். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று உடலில் பட்டால் இரண்டு மூன்று பாகை குறைந்ததுபோல் உணர்வோம். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி என்ற சிக்கன வகை மோட்டார் உள்ளது 30 வாட் அளவில் அதே வேலையைச் செய்யும். முழுச்சுமையில் ஓடும் ஒரு டன் ஏசியின் மின்சாரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட மின்விசிறிகள் ஓடும்.

எனவே வீட்டை இரண்டாகப் பிரியுங்கள்: திறந்தே இருக்கும் பகுதி, இறுக்கமாக மூடிக்கொள்ளும் பகுதி. படுக்கையறைகளை மட்டும் இரண்டாவது வகையில் வையுங்கள். பாதி திறந்தும் பாதி மூடியும் இருக்கும் கூடத்துக்கு ஏசி வைப்பதுதான் நான் பார்த்தவற்றில் மிகப் பெரிய வீண்செலவு.

ஏசி ஓடும்போது நல்ல காற்றுக்காக ஜன்னலைச் சற்றே திறந்து வைக்கலாமா?

வெளியே 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று நீராகப் படியும். உங்கள் அறை 24 பாகையில் இருக்கிறது. கண்ணாடி வியர்க்கும், தரை வழுக்கும், அலமாரியின் பின்புறம் சில வாரங்களில் பூஞ்சை பிடிக்கும். ஏசியின் உழைப்பில் பெரும்பங்கு ஈரத்தைப் பிழிந்தெடுப்பதிலேயே போய்விடும். புதிய காற்று வேண்டுமென்றால் அளவாக உள்ளிழுக்கும் சிறிய விசிறியை வடிகட்டியுடன் வைப்பது முறை.

ஏசியின் வெளி யூனிட் இரண்டே வருடத்தில் அரித்துவிட்டது. எங்கே வைத்திருக்க வேண்டும்?

கடலுக்கு முதுகு காட்டும் சுவரில், காற்று தாராளமாக வெளியேறும் இடத்தில். உள்ளே செம்புக் குழாயும் அலுமினியத் தகடுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நடுவே உப்புநீர் வந்தால் அது ஒரு மின்கலம்போல் ஆகி அலுமினியம் கரையத் தொடங்கும். பூச்சுள்ள தகடு என்று கேட்டு வாங்குங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். தகடு அரித்த யூனிட் நின்றுபோவதற்கு வெகுகாலம் முன்பே கூடுதல் மின்சாரத்தைத் தின்னத் தொடங்கிவிடும்.

எவர்சில்வர் என்று சொல்லி வாங்கிய கைப்பிடியில் துரு வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. சந்தையில் பரவலாகக் கிடைப்பது 304 தரம். கடற்காற்றுக்கு ஏற்றது 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 தரம். அதிலும்கூட தேநீர் சிந்தியதுபோல் பழுப்புக் கறை வரும், வழவழப்பாக மெருகேற்றிய பரப்பில் குறைவாக வரும்.

நான் வரைந்த முதல் கடலோர வீட்டில் ஒரு பாடம் படித்தேன். மழையில் நனையும் கைப்பிடிகள் நன்றாக இருந்தன, தாழ்வாரத்தின் கீழே பாதுகாப்பாக இருந்தவை துருவேறின. காரணம் எளிது: மழை உப்பைக் கழுவிவிடுகிறது, கூரைக்கு அடியில் அது சேர்ந்துகொண்டே போகிறது. சமையல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் தானே நீர் இழுத்துக் கரையும், கடலுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே கரையும். எனவே மழை படாத இடங்களைத்தான் அடிக்கடி துடைக்க வேண்டும். அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகு போடும்போது நடுவே நைலான் வாஷர் வையுங்கள். மேலே சொன்ன மின்கல விவகாரம் இங்கேயும் உண்டு.

கான்கிரீட்டில் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

குளோரைடு கான்கிரீட்டை ஊடுருவிக் கம்பியை அடைந்தால் துரு தொடங்கும். துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும், அதனால்தான் காரை வெடித்துப் பெயர்கிறது. கம்பிக்கு வெளியே 50 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர், 0.45-க்கு மேற்படாத நீர்-சிமெண்ட் விகிதம், இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்ட் ஆகியவை வேண்டும்; கழுவாத கடல் மணலும் உப்புத் தண்ணீரும் கூடவே கூடாது. சிமெண்ட் தயாரிப்பே ஆற்றலை விழுங்கும் தொழில். முப்பது ஆண்டில் இடித்துக் கட்டும் வீடு எவ்வளவு மின்சாரம் மிச்சப்படுத்தினாலும் சிக்கனமான வீடாகாது.

உப்புக்காற்றில் சோலார் பேனல் தாங்குமா?

தாங்கும். ஐஇசி 61701 என்ற உப்புத் தூவல் சோதனையில் தேறிய பேனலாகப் பார்த்து வாங்குங்கள். கோளாறு வருவது பேனலில் குறைவு, அதைத் தாங்கும் சட்டத்திலும் இணைப்புகளிலும்தான் அதிகம். எவர்சில்வர் பதிலில் சொன்னவை அனைத்தும் அங்கே பொருந்தும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 5 சதுர மீட்டர் இடம் வேண்டும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும் என்பதால், பேனலுக்கு அடியில் கடற்காற்று ஓட இடைவெளி விடுவது நல்லது. இந்த ஒரு விஷயத்தில் கடற்கரை உங்கள் பக்கம்.

அப்படியானால் மொட்டை மாடியில் ஒரு சிறிய காற்றாலையும் வைக்கலாமே?

காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு. 1.5 மீட்டர் விட்டமுள்ள சுழலியின் வழியே வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் செல்லும் காற்றில் மொத்தமே 68 வாட்தான் இருக்கிறது. கோட்பாட்டின்படியே அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது, சிறிய சுழலிகள் எடுப்பது அதில் பாதி. கையில் வருவது 20 வாட். ஏசி பற்றிய பதிலில் சொன்ன சிக்கன மின்விசிறியைக்கூட ஓட்டாது. போதாததற்குக் கூரையில் மோதிச் சுழலும் காற்றும் அதிர்வும் வேறு. அந்தப் பணத்தில் இரண்டு பேனல் கூடுதலாக வையுங்கள்.

புயல் அடிக்கும் ஊரில் பெரிய ஜன்னல் ஆபத்தில்லையா?

வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 150 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். நம் 7.2 சதுர மீட்டர் ஜன்னலில் அது ஒரு டன்னுக்கு மேல். கண்ணாடி உடைந்தால் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். மேற்கு வெயிலுக்காக வைக்கும் வெளித் தட்டிகளை இந்தக் கணக்குக்கும் தாங்கும்படி பொறியாளரைக் கொண்டு வடிவமைத்தால், வெயில் காலத்தில் நிழலாகவும் புயல் நாளில் கதவாகவும் உதவும்.

நாங்கள் இருப்பது குளிர்ப்பகுதிக் கடற்கரை. இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

உப்பு, புயல், கான்கிரீட் பற்றியவை அப்படியே பொருந்தும். வெப்பக் கணக்கு தலைகீழாகும். அங்கே யூ மதிப்பு முதலில் வரும், குளிர்கால வெயிலை உள்ளே விடும் கண்ணாடி விரும்பத்தக்கது, காற்று கசியாத கட்டுமானம் கட்டாயம். 1990-91இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட்டில் முதல் வீடு எழுந்த பாசிவ்ஹவுஸ் முறை, ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்கு மேல் சூடாக்கும் ஆற்றல் கூடாது என்று வரையறுக்கிறது. வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் காற்றுக்கு மாற்றும் கருவி இல்லாமல் அதை எட்டுவது கடினம்.

கடலுக்கு எவ்வளவு அருகில் கட்டலாம்?

சட்டம் அனுமதிக்கும் கோடு ஒவ்வொரு நாட்டிலும் வேறு. அந்தக் கோட்டின் மீதே போய் நிற்காதீர்கள். உலக சராசரிக் கடல்மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையே சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது, அதில் 2006-க்கும் 2018-க்கும் இடையே ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகத்தில் உயர்ந்தது. கரை அரிக்கும் இடங்களில் இதைவிட வேகமாக மனை கரையும். உப்பின் அளவும் கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் வேகமாகக் குறைவதால், பின்னுக்குத் தள்ளிய ஒவ்வொரு மீட்டரும் பராமரிப்பில் திரும்பக் கிடைக்கும். இடையே பாதி காற்றை விடும் மரவரிசை ஒன்று இருந்தால் மதில் சுவரைவிட நன்றாகக் காற்றைத் தணிக்கும். கிளைகளைக் கீழிருந்து கழித்துவிட்டால் அடிமரங்களுக்கு நடுவே கடல் தெரியும்.

நாங்கள் ஏற்கெனவே கண்ணாடி வீடு கட்டிவிட்டோம். இனி என்ன செய்வது?

முதலில் மேற்குக் கண்ணாடிக்கு வெளியே இறக்கிவிடும் திரை, அடுத்து மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு, அதன்பின் மின்விசிறிகள். கண்ணாடியையே மாற்றுவது கடைசி. ஒரு குடும்பம் புதிய ஏசிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்த வேளையில், தற்காலிகமாக நிழல்வலையை வெளியே கம்பி கட்டித் தொங்கவிடச் சொன்னேன். பத்து நாள் கழித்து, மாலையில் சோபாவைத் தொட்டால் இப்போது சுடுவதில்லை என்று சொன்னார்கள். ஏசி வாங்கவில்லை. நிழல்வலை மட்டும் இரண்டு வருடமாக அப்படியே தொங்குகிறது. மரத் தட்டிக்கான வரைபடம் என் மேசையில் கிடக்கிறது.